மழையும் பஞ்சாங்கமும்

(விருதுநகரில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் மழையைப் பற்றிப் பேசப் போகின்றேன். அதிலும் உலகத்து மழை முழுவதையும் பற்றி அல்ல. கார்த்திகை, மார்கழி மாதத்தில், நம்முடைய விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில், வருகின்ற சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மழை பெய்யுமா பெய்யாதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, யார் சொல்லுவதைக் கேட்டு நடப்பது என்கின்ற ஒரு சிறு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு பிரசங்கமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறு விஷயத்தில்தான் நம்மில் அனேகருடைய வாரக் கூலியும், சிலருடைய உயிருமே அடங்கியிருக்கின்றது. ஆதலால் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறேன்.

யாருக்கு இந்தக் கவலை?

கலியாண வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தல் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கின்றான். கரிசல் காட்டுக்காரன், இன்றைக்கு உரம் போட்டால் நாளைய மழை அடித்துக்கொண்டு போய்விடுமோ, களையெடுக்க ஆள் கூப்பிட்டால் காடு சேறாகிவிடுமோ என்று பார்க்கின்றான். இவர்களுக்கு நஷ்டம் வந்தால் அது பணத்தோடு போகும். பட்டாசுத் தொழிலாளிக்கோ அப்படியல்ல.

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் எப்படி வேரூன்றின? 1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய முயற்சிக்கு இந்த ஊர் வெயில் கைகொடுத்தது. ஆனி, ஆடியில் வருகின்ற மேல்காற்று, மழையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடத்தில் வெறுங்காற்றாய் வந்து சேருகின்றது. எந்த வறட்சி விவசாயியைக் கண்ணீர் விடச் செய்ததோ, அதே வறட்சிதான் தீக்குச்சியையும் பட்டாசு மருந்தையும் காயவைத்துக் கொடுத்தது.

ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரையில் அந்த வெயில் நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. காயப்போட்ட சரக்கு மேடையில் இருக்கும்போது திடீரென்று மழை வந்தால் என்ன நடக்கும்? ஓடிப்போய் அள்ளுவார்கள். அவசரத்தில் அள்ளும்போது உராய்வு உண்டாகும், கை தவறும், கீழே விழும். வெடிமருந்துக்கு அவசரத்தைப் போல் எதிரி வேறில்லை. இன்னொன்று: அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு பிறக்கும். சனிக்கிழமை மீந்துபோன மருந்து, ஞாயிற்றுக்கிழமை மழை ஈரத்தில், பூட்டிய அறைக்குள் கிடந்தால் அது சும்மா கிடப்பதில்லை. சூடு ஏற ஏற, தீப்பொறி இல்லாமலே தீப்பிடிக்கக் கூடும். மூன்றாவது, இடி மின்னல். இடிமழை நெருங்குகின்றதென்றால் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருக்கின்ற அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட வேண்டுமென்று சட்டமே சொல்லுகின்றது.

ஆகவே, சனிக்கிழமை பிற்பகல் இடி இடிக்குமா என்பது நமக்குப் பொழுதுபோக்குப் பேச்சல்ல, உயிர்ப் பேச்சாகும். விபத்து நடந்த பிறகு "விதி" என்கின்றோம். "அவன் நேரம் சரியில்லை" என்கின்றோம். நேரம் சரியில்லை என்பது ஒருவகையில் வாஸ்தவந்தான். ஆனால் அந்த நேரம் எந்த நேரம் என்று முன்னாலேயே பார்த்துச் சொல்லக்கூடிய வழி இருக்கின்றதா இல்லையா? அதுதான் இன்றைய கேள்வி.

பஞ்சாங்கம் சொல்லுவது என்ன?

வழி இருக்கின்றது என்று முதலில் கையை நீட்டுகிறவர் பஞ்சாங்கக்காரர். அவருடைய புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். இந்த வருஷத்துக்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மேகத்துக்கு அதிபதி இன்ன கிரகம் என்று ஒரு சர்க்காரே நடக்கும். பிறகு இத்தனை மரக்கால் மழை என்று இருக்கும். அதில் இத்தனை பங்கு கடலில், இத்தனை பங்கு மலையில், மீதி பூமியில் என்று பாகப்பிரிவினையும் செய்திருக்கும்.

நெல்லை அளக்கின்ற மரக்கால் நமக்குத் தெரியும். இந்த மரக்காலின் வாய் எவ்வளவு அகலம்? கடலில் விழுந்த பங்கை அளந்து பார்த்தவர் யார்? போன வருஷத்து மரக்கால் சரியாயிருந்ததா என்று இந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்கின்றதா? கிடையாது. மளிகைக் கடைக்காரன்கூடப் போன மாதத்து வரவு செலவைப் பார்த்துத்தான் இந்த மாதம் சரக்குப் பிடிக்கின்றான். வருஷம் தவறாமல் மழைக் கணக்கு எழுதுகிறவர்கள் ஒரு வருஷமாவது பழைய கணக்கை நேர் பார்த்ததில்லை என்றால், அதற்குக் கணக்கு என்று பெயர் சொல்ல முடியுமா?

மேலும், அந்தப் புத்தகம் சித்திரைக்கு முன்னாலேயே அச்சாகி, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் விருதுநகருக்கும் ஒன்றாகவே விற்கப்படுகின்றது. மழை அப்படி ஒன்றாகப் பெய்கின்றதா? 2023ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3ந் தேதி ஞாயிற்றுக்கிழமையும் மறுநாளும் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. பிறகு அது வடக்கே போய் ஆந்திராவில் கரை ஏறிற்று. அதனால் நம் பக்கத்துக்குப் பெரிய மழை ஒன்றும் இல்லை. சரியாக இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17ந் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், தென்கோடியில் கொட்டிற்று. திங்கட்கிழமை காலையோடு முடிந்த ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். நமக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் ஏறத்தாழ அரை மீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் வரவேண்டிய மழையைவிட அதிகமானது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் விழுந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ரயில் நின்றுபோயிற்று. ஒரே மாதம், ஒரே ராஜா, ஒரே மந்திரி, ஒரே மேகாதிபதி! ஒரு ஞாயிறு வடக்கே வெள்ளம். மறு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தெற்கே வெள்ளம். "டிசம்பரில் கடலோரத்தில் புயல் மழை" என்று எழுதி வைத்துவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் பொருந்தும். இதைச் சொல்ல ஒரு சாஸ்திரம் எதற்கு?

இராகுகாலத்தையும் பாருங்கள். சனிக்கிழமை காலை 9 மணி முதல் 10½ வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை 4½ முதல் 6 வரைக்கும். சித்திரை வெயிலிலும் அதே நேரம், கார்த்திகை மழையிலும் அதே நேரம். உள்நாட்டில் இடி மேகம் பெரும்பாலும் பகல் வெயிலில் பூமி சூடேறிய பிறகு, பிற்பகலிலும் மாலையிலுந்தான் எழும்புகின்றது. நல்ல நேரம் பார்த்து உள்ளே போனவனை இடி விசாரித்துவிட்டா விழுகின்றது? வெடிமருந்துக்கு ஈரம் தெரியும், உராய்வு தெரியும், சூடு தெரியும். நல்ல நேரம் அதற்குத் தெரியாது.

இந்த மாயை பாமர ஜனங்களோடு நின்றுவிட்டதென்று எண்ணாதீர்கள். 2019இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, கோயில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பிற்று. ஏரியைத் தூர் வாருவதற்குக் காட்டாத அவசரத்தை யாக குண்டத்துக்குக் காட்டினார்கள்.

கிழவர் சொல்லும் குறி

இதைச் சொன்னவுடன் சிலர், "அப்படியானால் நம் பாட்டன் பூட்டன் சொன்ன குறிகள் எல்லாம் பொய்யா?" என்று கேட்பார்கள். அப்படி நான் சொல்லவில்லை. தட்டான் தாழப் பறப்பதையும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதையும் பார்த்துச் சொன்னவன், கிரகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்னான். ஈசான மூலையில் மின்னினால் மழை என்று சொன்னான். ஈசானன் அங்கே உட்கார்ந்திருப்பதால் அல்ல. வங்காளக் கடல் அந்தத் திக்கில் இருப்பதாலும், ஐப்பசி, கார்த்திகையில் காற்று அங்கிருந்து வருவதாலும் அது அனேகமாய்ப் பலித்தது. மார்கழி மேகத்தைப் பார்த்து அடுத்த வருஷத்து மழையைச் சொல்லுகின்ற கர்ப்போட்டக் கணக்கும் இப்படி வானத்தைப் பார்ப்பதில்தான் துவங்குகின்றது. பார்ப்பது நல்லது. ஆனால் பார்த்ததை எழுதிவைத்து, பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பலித்ததை மாத்திரம் ஊர் முழுவதும் சொல்லி, பலிக்காததை மறந்துவிடுகின்ற வரையில் எந்தக் குறியும் பஞ்சாங்கத்துக்குத் தம்பிதான்.

அளந்தவர்கள் செய்தது

எண்ணிப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 1854இல், ஒரு நாள் முன்னதாகவே வானிலையைத் தெரிந்துகொள்ளும் காலம் வரும் என்று ஒருவர் பார்லிமெண்டில் சொன்னபோது சபையே சிரித்தது. ஏழே வருஷத்தில், 1861இல், பிட்ஸ்ராய் என்கின்ற கப்பற்படைத் தலைவர், பல ஊர்களிலிருந்து தந்தி மூலம் காற்றழுத்தக் கணக்கை வாங்கி, மறுநாள் வானிலையைப் பத்திரிகையில் போடத் துவங்கினார். தவறின நாளில் ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள். ஆனால் அந்தப் புயல் எச்சரிக்கையால் பிழைத்த மீனவர்கள் பரிகாசம் செய்யவில்லை.

நம் நாட்டிலும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792லேயே ஒரு வான ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்தது. பிறகு மழை பொய்த்துப் பஞ்சங்கள் வந்தன. இந்த அடிகளை வாங்கிய பிறகுதான் 1875இல் இந்திய வானிலைத் துறை உண்டாயிற்று. 1950இல் அமெரிக்காவில் முதல் முதல் கணக்குப் போடும் இயந்திரத்தைக் கொண்டு ஒரு நாள் வானிலையைக் கணித்தபோது, அந்த ஒரு நாளைக் கணிக்க ஏறக்குறைய ஒரு நாளே பிடித்தது. இன்று வானத்திலிருந்து செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடிக்கின்றது; ரேடார் மழைத்துளியைத் தேடுகின்றது; மாவட்டம் மாவட்டமாக அடுத்த சில நாட்களுக்கு மழை சொல்லப்படுகின்றது.

இவர்கள் தவறுவதில்லையா? தவறுகின்றார்கள். 2023 டிசம்பரில் கனமழை என்று எச்சரித்தவர்களில் ஒருவரும் 95 சென்டிமீட்டர் என்று சொல்லவில்லை. எச்சரிக்கை போதவில்லை என்று மாநில அரசாங்கம் குறை சொல்லிற்று. முன்னதாகவே சொல்லியாகிவிட்டது என்று மத்திய மந்திரி பதில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அந்தச் சண்டை எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பது கடுதாசியில் இருந்தது. அதனால் கேள்வி கேட்க முடிந்தது. பஞ்சாங்கத்தை யாராவது அப்படிக் கூண்டில் ஏற்றினார்களா? தவறு கண்டுபிடிக்க இடம் கொடுக்கின்ற சொல்தான் நாளடைவில் திருந்தும். தவறே வராதபடி எழுதப்பட்ட சொல் என்றைக்கும் திருந்தாது.

சனி, ஞாயிறைப் பார்ப்பது எப்படி?

இனி, காரியத்துக்கு வருவோம். நீங்கள் வியாழக்கிழமையன்று கேட்க வேண்டிய கேள்வி, கடலில் காற்றழுத்தம் குறைந்த இடம் எங்கே இருக்கின்றது என்பது. அது சென்னைக்கு நேரேயோ ஆந்திராவுக்கு நேரேயோ போனால், ஈரக்காற்றை அங்கே இழுத்துக்கொள்ளும். நமக்குப் பெரும்பாலும் மேற்கேயிருந்து வறண்ட காற்றுத்தான். அது இலங்கைக்குத் தெற்கேயோ, குமரிக் கடலிலோ, மன்னார் வளைகுடாவிலோ வந்தால் கிழக்குக்காற்று நம் பக்கம் பாயும். அப்போது விழித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமையன்று மாவட்ட அறிவிப்பின் வார்த்தைகளைக் கவனியுங்கள். "ஓரிரு இடங்களில் மழை" என்பதைக் கேட்டு, தப்பித்துக்கொள்ளச் சொல்லுகின்றார்கள் என்று நினைக்கின்றோம். அப்படியல்ல. மழை அளக்கின்ற நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை கிடைக்கும் என்பது அதன் அர்த்தம். ஒரு இடிமேகத்தின் அகலம் சில மைல்தான். சிவகாசி நனையும்போது திருத்தங்கல் காயலாம். "கனமழை" என்றால் ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர்; "மிக கனமழை" என்றால் 12 முதல் 20 வரைக்கும்; "அதிகனமழை" என்றால் அதற்கும் மேல். மஞ்சள் நிறம் கவனித்திரு என்றும், ஆரஞ்சு தயாராயிரு என்றும், சிவப்பு உடனே காரியம் செய் என்றும் சொல்லுகின்றது. இந்த அர்த்தம் தெரியாமல் நிறத்தை மாத்திரம் கேட்டுப் பயப்படுவதும், மறுநாள் நம் தெருவில் பெய்யாவிட்டால் சிரிப்பதும் அறிவுடைமை ஆகாது.

சனிக்கிழமையன்றோ அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று வருகின்ற அறிவிப்பைப் பாருங்கள். உங்கள் கண்ணையும் காதையும் உபயோகியுங்கள். மின்னலைக் கண்டதும் எண்ணத் துவங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். போர்மேன் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரம் அது.

ஒரு டப்பா, ஒரு நோட்டு

யாருடைய சொல்லையும் சோதித்துப் பார்க்க உங்களுக்கு வேண்டியது ஒரு டப்பாவும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். வாயும் அடியும் ஒரே அகலமாய், நேராக உள்ள டப்பாவாக இருக்க வேண்டும். சுவரும் மரமும் மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினம் காலை 8½ மணிக்கு உள்ளே நிற்கின்ற தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டர் கோலால் அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4000 லிட்டர் தண்ணீர். இது மரக்கால் கணக்கைப் போலல்ல. யார் வேண்டுமானாலும் சரி பார்க்கலாம். வானிலைத் துறையும் காலை 8½ மணிக்குத்தான் அளக்கின்றது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் வருகின்ற அளவில் பெரும்பகுதி சனிக்கிழமை பெய்த மழை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் பஞ்சாங்கம் சொன்னது. இரண்டாவதில் வானிலை மையம் சொன்னது. மூன்றாவதில் டப்பா சொன்னது. இதிலும் ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்திலுங்கூட நம் பக்கத்தில் மழை பெய்யாத நாட்களே அதிகம். ஆதலால் தினந்தோறும் "மழை இல்லை" என்று சொல்லுகின்ற ஒரு கிளிகூடப் பாதி நாளுக்கு மேல் ஜெயித்துவிடும். அந்தக் கிளியைவிட எவ்வளவு மேல் என்பதுதான் பரீட்சை. ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படி எழுதிவிட்டு, தை மாதத்தில் கூட்டிப் பாருங்கள். பிறகு எதை நம்புவது என்று உங்களுக்கு ஒருவரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

தெரிந்தால் மாத்திரம் போதுமா?

கடைசியாக ஒன்று. இடி வருகின்றது என்று தெரிந்தும் தொழிலாளி ஏன் உள்ளே உட்கார்ந்திருக்கின்றான்? அவன் மூடன் என்பதாலா? செய்த உருப்படிக்குத் தகுந்த கூலி என்பதால், எழுந்து வெளியே போனால் அவனுடைய வாரக் கூலியில் குறைகின்றது. ஒரு பக்கம் இடி, மறு பக்கம் வயிறு. வயிறு கிட்டத்தில் இருப்பதால் அது ஜெயிக்கின்றது. ஆகவே வானத்தைப் பற்றிய அறிவு வீட்டுக்கு வந்தால் மாத்திரம் போதாது. கூலிக் கணக்கிலும் அது ஏற வேண்டும். மழையாலும் இடியாலும் வேலை நிறுத்தப்பட்ட நேரத்துக்கு ஒரு பங்குக் கூலியாவது உண்டு என்று ஏற்பட்டால், எச்சரிக்கையைத் தொழிலாளி தானாகவே கேட்பான். ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் அன்றன்றைய அறிவிப்பைப் பெரிய எழுத்தில், நமக்குப் புரிகின்ற தமிழில் எழுதிப் போட வேண்டும். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு மழைமானியும், அதைத் தினம் எழுத ஒரு ஆளும் இருக்க வேண்டும். வெடிமருந்து அறைக்குப் பூஜை போடுகின்ற செலவில் ஒரு சிறு பாகம் இதற்குப் போதும்.

தோழர்களே! மழை ஒருவருடைய உத்தரவின்மேல் வருவதல்ல. ஒருவருடைய கோபத்தினால் நிற்பதுமல்ல. கடல் சூடு, காற்று, மலை ஆகியவை சேர்ந்து செய்கின்ற வேலை அது. அதை முழுவதும் அறிந்துவிட்டவர் யாரும் இல்லை. ஆனால் கொஞ்சம் அறிந்து, அறிந்ததை அளந்து, தவறினதைத் திருத்திக்கொண்டு போகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் பக்கம் நாம் நிற்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். நாளைக் காலையிலேயே டப்பாவை வெளியில் வையுங்கள், நோட்டை எடுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.